சோற்றை விட்டும் எடை குறையவில்லை, வயிறும் கெட்டுப்போனது: என்ன செய்யலாம்?

வலிகாமத்திலிருந்து 42 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். உயரம் 156 சென்ரிமீற்றர், எடை 74 கிலோ. தை மாதத்தில் சோற்றை முற்றாக நிறுத்தியிருக்கிறார். காலையில் தேனும் தேசிக்காய்ப் புளியும் விட்ட சுடுதண்ணீர், மத்தியானம் சலாது, இரவில் ஒரு கோப்பை நிறையப் பழம். மூன்று கிழமையில் நாலு கிலோ குறைந்தது. பிறகு தலைச்சுற்று, எரிச்சல், பத்து மணிக்குக் கன்ரீனில் ரோல்ஸும் பால் தேநீரும். இரண்டு மாதத்தில் எடை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இதற்கிடையில் மலம் மூன்று நாலு நாளுக்கு ஒருக்காத்தான் போகிறது. வயிறு ஊதி நிற்கிறது, இரவில் புளிச்ச ஏப்பம். அதற்காக ஞாயிறுதோறும் நிலவாகைப் பொடி குடிக்கிறார். கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய மெலிவுத் தேநீரும் நடக்கிறது. ஹீமோகுளோபின் 10.2 என்று வந்ததால் மூன்று மாதமாக இரும்புச்சத்துக் குளிசையும் எடுக்கிறார்.

அவருடைய கேள்விகள்: "சோறுதானே எல்லாத்துக்கும் காரணம்? கிழமைக்கு ஒருக்கா வயிற்றைக் கழுவுறது நல்லதுதானே? மாமிக்கு இரவில் பிட்டு இல்லாமல் சரிவராது. எனக்கென்று தனியாச் சமைக்க நேரமும் இல்லை. நான் என்ன செய்ய?"

சகோதரி, உங்கள் உடற்திணிவுச் சுட்டி 30.4. எங்களைப் போன்ற ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டும்போதே சலரோகம், பிரசர், இருதய நோய் ஆகியவற்றின் ஆபத்து ஏறத் தொடங்குகிறது. ஆகவே எடையைக் குறைக்க நினைத்தது சரியான முடிவு. ஆனால் எடை, மலச்சிக்கல் என்று இரண்டு பிரச்சினைகளை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மலச்சிக்கலின் பெரும்பகுதி நீங்கள் எடை குறைக்கப் பிடித்த வழியிலிருந்தே வந்திருக்கிறது. அந்த வழியை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே சீராகும். அதற்குத் தனிச் சமையல் தேவையில்லை. இருக்கிற சமையலில் அளவுகள் மாறவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பேதியை நிறுத்துங்கள்

நிலவாகை பெருங்குடலைத் தூண்டி வேலைசெய்கிறது. சாப்பாட்டின் கலோரியை உடம்பு உறிஞ்சுவதோ அதற்கு முன்னால் இருக்கும் சிறுகுடலில். ஆகவே பேதியில் கொழுப்புப் போவதில்லை. தண்ணீரும் உப்புச் சத்துகளும் மலமுமே போகின்றன. திங்கட்கிழமை தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டும், புதன்கிழமை அது திரும்பிவிடும். அடிக்கடி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து கால் குறண்டும், உடம்பு சோரும், இருதயத் துடிப்புக்கூடத் தடுமாறலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஞாயிறு பேதியில் பெருங்குடல் முழுதும் வெறுமையாகிறது. அது திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நாள் வேண்டும். அந்த நாட்களில் மலம் போகாதது இயல்பு. நீங்கள் அதையே மலச்சிக்கல் என்று எண்ணி அடுத்த ஞாயிறும் குடிக்கிறீர்கள். உங்கள் கணக்கில் இருக்கும் அந்த "மூன்று நாலு நாள்" பாதிக்கு மேல் பேதி உண்டாக்கியதாகவே இருக்கக்கூடும்.

அக்கா அனுப்பிய தேநீர்ப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். இத்தகைய தேநீர்களில் பலவற்றில் 'சென்னா' என்று இருக்கும். அதுவும் நிலவாகைதான்; பொடியாகவும் தேநீராகவும் ஒரே மருந்தை இரண்டு தடவை எடுக்கிறீர்கள் என்று பொருள். மெலிவுப் பொருட்கள் சிலவற்றில், தடைசெய்யப்பட்ட மருந்துகள் பெட்டியில் குறிப்பிடாமலே கலந்திருந்தது வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அக்கா அன்பாக அனுப்பியதுதான். ஆனாலும் அதைக் குடிக்க வேண்டாம்.

சோறு என்ன பிழை செய்தது?

முதல் மூன்று கிழமையில் குறைந்த நாலு கிலோவில் ஒரு பகுதிதான் கொழுப்பு. மாப்பொருளைத் திடீரென்று நிறுத்தினால் ஈரலிலும் தசையிலும் சேமித்திருந்த மாப்பொருள் தீரும். அதன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் போனதையும் சேர்த்துத்தான் தராசு காட்டியது. நீங்கள் திரும்பச் சாப்பிட்டதும் அது திரும்ப வந்தது. இதில் உங்கள் மனவுறுதியில் ஒரு குறையும் இல்லை. பட்டினி கிடந்த உடம்பு பத்து மணிக்கு எண்ணெயும் மாவும் கேட்பது இயற்கை.

அவித்த சோறு 100 கிராமில் 130 கலோரி அளவில் இருக்கிறது. ஒரு தேநீர்க் கோப்பை நிறையச் சோறு என்றால் 200 கலோரி. கன்ரீனின் ஒரு ரோல்ஸும், இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட பால்மாத் தேநீரும் சேர்ந்தால் இதைத் தாண்டிவிடும், பசியும் அடங்காது. ஆகவே சோற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள், மத்தியானம் ஒரு தேநீர்க் கோப்பை அளவில். தீட்டாத சிவப்பரிசி கிடைத்தால் நல்லது. தவிடு இருப்பதால் நார்ச்சத்து வெள்ளையரிசியைவிட அதிகம். குரக்கனுக்கும் இதே பேச்சுத்தான். குரக்கன் மாவில் கலோரி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கலோரியில் அரிசி மாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் கூட இருப்பது நாரும் கல்சியமும். "குரக்கன்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் எடை ஏறும்.

உங்கள் இரவுப் பழக் கோப்பையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு கறுத்தக் கொழும்பான் மாம்பழம் கெடுதல் இல்லை. ஆனால் மாம்பழமும் வாழைப்பழமும் அன்னாசியும் சேர்ந்த ஒரு கோப்பையில் சீனி நிறைய இருக்கிறது, புரதம் இல்லையென்றே சொல்லலாம். வெறுவயிற்றில் இவ்வளவு பழச்சீனி போனால் சிலருக்கு அது முழுதும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் புளித்து வாயுவாகும். உங்கள் இரவு வயிற்று ஊதலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். காலைத் தேன் தண்ணீரும் கொழுப்பைக் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரி இருக்கிறது. தேசிப்புளி உங்கள் புளிச்ச ஏப்பத்தைக் கூட்டவும் கூடும். வெறும் சுடுதண்ணீர் போதும்.

கோப்பையை எப்படி நிரப்புவது

உங்கள் உயரம், எடை, வயது, மேசை வேலை இவற்றைப் பார்த்தால் நாளுக்கு 1400 முதல் 1500 கலோரி வரை சாப்பிட்டு எடையைக் குறைக்கலாம். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். வேகமாக மெலிந்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். புரதம் நாளுக்கு 60 கிராமளவு வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையில் (தட்டில்) பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ என்று கணக்கு வையுங்கள். மரக்கறிப் பாதியில் ஒன்று கட்டாயம் இலைக்கறியாக இருக்கட்டும்: முருங்கையிலை வறை, முளைக்கீரை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி. மற்றது பயற்றங்காய், பீர்க்கங்காய், பூசணி, வெண்டிக்காய் என்று சந்தையில் அன்றைக்கு மலிவானது எதுவும் சரி. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்கில் வரா. அவை சோற்றின் பக்கம் சேரும். கிழங்குக் கறி வைத்த நாளில் சோற்றைக் குறையுங்கள்.

ஒரு நாள் இப்படிப் போகலாம். காலையில் இடியப்பம் ஐந்து, அரைத் தேநீர்க் கோப்பை பருப்பு, ஒரு அவித்த முட்டை. பத்து மணிக்கு ஒரு கொய்யாப்பழம் அல்லது இரண்டு துண்டு பப்பாசி, சீனியில்லாத தேநீர். மத்தியானம் மேலே சொன்ன கோப்பை, அதில் ஒரு உள்ளங்கை அளவு மீன்: சூடை, கீரி, பாரை, விளை, எதுவும். நாலு மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த கடலை, தேங்காய்ச் சொட்டுப் போடாமல். இரவு ஏழரைக்கு முன் பிட்டும் கறியும். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம் இருந்தால் புளிச்ச ஏப்பமும் குறையும். முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் 20 கிராம், அரைத் தேநீர்க் கோப்பை பருப்பில் 8 கிராம், அதேயளவு கடலையில் 7 கிராம். சோற்றிலும் மாவிலும் பயறிலும் வருவதைச் சேர்த்தால் 60க்குக் கிட்ட வந்துவிடும். கருவாட்டிலும் புரதம் உண்டு. உப்பு மிக அதிகம் என்பதால் கிழமைக்கு ஒரு தடவையோடு நிறுத்துங்கள்.

வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இருங்கள். ஆனால் காலையும் மத்தியானமும் ஒன்றுமில்லாமல் இருந்து, பின்னேரம் வடை, பாயசம், அப்பளத்தோடு முடிக்கும் விரதம் உங்கள் வயிற்றுக்கு ஒத்துவராது. அவித்த பயறு, தயிர், பழம், நிறையத் தண்ணீர் என்று இருந்தால் விரதமும் கெடாது.

பிட்டும் தேங்காயும்

மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். பிட்டு நல்ல சாப்பாடு, அதில் சேர்வதைத்தான் பார்க்கவேண்டும். நாளுக்கு இரண்டு தேங்காய் செலவாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கலோரியில் பெரிய பங்கு அங்கேதான். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி இருக்கிறது, 33 கிராம் கொழுப்பு. தண்ணீர் விடாமல் பிழிந்த முதற்பால் 100 மில்லிலீற்றர் 200 கலோரியைத் தாண்டும். தேங்காயைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஐந்து பேருக்கு ஒரு தேங்காய் போதும். சொதியை இரண்டாம் பாலிலும் கப்பிப் பாலிலும் (அதற்குப் பிறகு பிழியும் நீர்த்த பால்) கொதிக்கவைத்து, இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி முதற்பால் விட்டுப் பாருங்கள். மணம் வரும், வித்தியாசம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. சம்பலில் வெங்காயத்தைக் கூட்டித் தேங்காய்ப்பூவைப் பாதியாக்குங்கள். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பதை மாதத்துக்கு ஒருக்கா ஆக்குங்கள். அந்தளவு எண்ணெயை வேறு எந்த மரக்கறியும் குடிக்காது. சுட்டோ, நேரே குழம்பில் போட்டோ வையுங்கள்.

பிட்டுக்கு வெள்ளைக் கோதுமை மா கலந்தால் நார் குறையும். வறுத்த சிவப்பரிசி மாவையும் குரக்கன் மாவையும் சரிபாதி எடுங்கள். ஒரு சுண்டு (அளவுப் பேணி) மாவுக்கு ஒரு சுண்டு நிறைய, பொடியாக அரிந்த முருங்கையிலை அல்லது முளைக்கீரையும், துருவிய கரட்டும். இதில் பலருக்குப் பிழைப்பது ஒரே இடத்தில்தான்: கீரையைக் கழுவிய ஈரத்தோடு போடுவார்கள், மா கட்டிபட்டுவிடும், அவிந்த பிட்டும் உருண்டை உருண்டையாகக் கல்லுப்போல் இருக்கும். கீரையைக் கழுவி ஒரு துணியில் பரப்பி ஈரம் போகவிடுங்கள். மாவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வறட்சியாகக் குழையுங்கள். கீரை அவியும்போது அதுவே தண்ணீர் விடும். முதலில் மாவைச் சுண்டால் நன்றாகக் கொத்தி, குறுணலாக உதிர்ந்த பிறகுதான் கீரையையும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவையும் கலக்கவேண்டும். நீத்துப்பெட்டியில் அழுத்தாமல் போட்டு, ஆவி நன்றாக மேலே வந்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். உங்கள் பங்கு ஒரு தேநீர்க் கோப்பை. பக்கத்தில் மீன்குழம்போ பயற்றங்கறியோ இருக்கவேண்டும். பிட்டோடு சீனியும் வாழைப்பழமும் மட்டும் என்றால் அது முழுக்க மாப்பொருள்.

ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவில் அவிக்கும் பிட்டும் நாருக்கு நல்லதே. மாவை ஊறவைத்துத் தண்ணீரை வடித்துக் கைப்பெடுக்கும் வேலையைச் சுருக்க வேண்டாம். மீன், நண்டு, பயற்றங்காய், கீரை எல்லாம் போட்ட ஒடியல் கூழ் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னிடமே வைத்திருக்கிறது. கூழ் குடித்த நாளில் அதற்குப் பிறகு சோறு தேவையில்லை.

பனங்கட்டி கடித்துத் தேநீர் குடிப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சீனியைவிடச் சிறிது தாதுச்சத்து உண்டு. உடம்புக்கு அதுவும் சீனிதான். நாளுக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் எட்டுத் தேக்கரண்டி. எல்லாமாகச் சேர்த்து நாளுக்கு ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது நல்லது. ஒவ்வொரு கிழமையும் ஒரு கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வந்தால் நாக்குப் பழகிவிடும்.

இரும்புக் குளிசையும் மலமும்

மலச்சிக்கலுக்கு இரும்புச்சத்துக் குளிசையே ஒரு காரணமாகலாம். உங்கள் கடிதத்தில் அதைப் போகிற போக்கில் சொல்லியிருந்தாலும் முக்கியமான விடயம் இது. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஹீமோகுளோபின் 10.2 என்பது கவனிக்க வேண்டிய அளவு. அதைத் தந்த வைத்தியரிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு அப்படி எடுத்தால் உறிஞ்சலும் நன்றாக இருக்கிறது, வயிறும் தாங்குகிறது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேநீர் குடிக்காதீர்கள். தேயிலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கொய்யாப்பழத்தோடு எடுத்தால் நல்லது. இந்தக் குளிசையால் மலம் கருமையாகப் போவது வழமை. தார் போல ஒட்டும், நாறும் கறுப்பு மலம் வேறு. அது இரத்தக் கசிவாக இருக்கலாம்.

நாரைக் கூட்டும்போது அவசரம் வேண்டாம். இன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினால் நாளைக்கு வயிறு இன்னும் ஊதும், நீங்களும் "மரக்கறி எனக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவீர்கள். முதல் கிழமை மத்தியானம் ஒரு இலைக்கறி. இரண்டாம் கிழமை இரவுப் பிட்டில் கீரை. மூன்றாம் கிழமை கடலையும் பயறும். கடலையை எட்டு மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் வாயு குறையும். நாளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், சித்திரை வைகாசி வெயிலில் இன்னும் கொஞ்சம் கூட. தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும்.

காலையில் 6.45 பஸ்ஸுக்கு ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மலச்சிக்கலில் இந்த அவசரத்துக்கு நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகான அரை மணித்தியாலத்தில் அந்த அசைவு பலமாக இருக்கும். நீங்கள் காலையில் சாப்பிடுவதே இல்லை. அந்த உந்தல் வந்தாலும் அப்போது பஸ்ஸில் நிற்கிறீர்கள். அடக்க அடக்க, மலத்திலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடும். இருபது நிமிடம் முந்தி எழும்பி, சாப்பிட்டுவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் போய் இருங்கள். கொமேட் என்றால் கால்களுக்குக் கீழே ஒரு சாண் உயர முக்காலி வையுங்கள். குந்தியிருக்கும் நிலை வந்தால் முக்காமலே போகும். கைத்தொலைபேசி வெளியிலேயே இருக்கட்டும்.

மூன்று நாலு கிழமையில் இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் பாமசியில் இசப்கோல் என்ற நார்ப்பொடி வாங்கலாம். ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கவேண்டும். மற்றக் குளிசைகளுக்கும் அதற்கும் இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். பேதிபோல் அது குடலை அடித்து விரட்டாது, மலத்தை மென்மையாக்கும். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு கிழமைக்கு ஐந்து நாள், அரை மணித்தியாலம், மூச்சு வாங்கும் வேகத்தில் நடங்கள். அது எடைக்கும் குடலுக்கும் சேர்த்து வேலைசெய்யும்.

எதை எதிர்பார்க்கலாம், எதற்கு வைத்தியரிடம் போகவேண்டும்

முதல் இலக்காக 70 கிலோவை வையுங்கள். மூன்று மாதத்தில் நாலு முதல் ஆறு கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். அந்த அளவிலேயே பிரசரும் சீனியும் இறங்கத் தொடங்கும். கிழமைக்கு ஒரு நாள் மட்டும், காலையில், ஒரே தராசில் நிறுங்கள். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருக்கா அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு அது 80 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும். எடை அசையாத கிழமையிலும் இடுப்பு இறங்குவதைப் பல தடவை காண்பீர்கள்.

இந்த மாதத்திலேயே வைத்தியரைச் சந்தித்து ரி.எஸ்.எச். என்ற தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். எடை ஏறுவது, மலச்சிக்கல், சோர்வு, இரத்தச் சோகை ஆகியவை சேர்ந்து வந்தால் தைரொயிட் குறைபாட்டைப் பார்த்துவிடவேண்டும். அது இருந்தால் உணவு மட்டும் போதாது, மருந்து வேண்டும். மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், இரத்தச் சோகையின் காரணம் அங்கே இருக்கலாம். அதையும் காணாவிட்டால் குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று தேடவேண்டியிருக்கும். இரத்தச் சீனியும் கொழுப்பும் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்றால், 35 வயதைக் கடந்தவர்களுக்காக அரச வைத்தியசாலைகளில் நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் எடை, பிரசர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

மலத்தில் இரத்தம், தார் போன்ற மலம், முயற்சியில்லாமல் எடை விழுவது, தொடர்ந்த வாந்தி, நித்திரையைக் குழப்பும் வயிற்று நோ, மலம் திடீரென்று மெலிந்து போவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்றாவது இருந்தால் நான் மேலே எழுதிய எதையும் செய்து பார்த்துக் காத்திருக்காமல் உடனே போகவேண்டும். போகும்போது நிலவாகைப் பொடிப் பை, தேநீர்ப் பெட்டி, இரும்புக் குளிசை மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு நாளாக, எத்தனை தடவை எடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேவையென்று கண்டால் வைத்தியர் பொட்டாசியத்தையும் அன்றைக்கே பரிசோதிப்பார்.